மேக்ரோ போட்டோகிராபி: தொட்டிச் செடியில் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எட்டு வருடமாக மொட்டை மாடியிலும் வேலியோரத்திலும் குப்புறப் படுத்துப் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கிறேன், கேமராவில்தான். படங்களைப் பார்த்துவிட்டு நண்பர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள், முதல் கேள்வி எப்போதும் "என்ன லென்ஸ்?" என்றுதான் இருக்கும். என் அனுபவத்தில் லென்ஸ்தான் கடைசிப் பிரச்சினை. வெளிச்சம் சரியில்லாமல் கெட்ட படங்கள்தான் என்னிடம் அதிகம். அடுத்தது காற்று, அதற்கடுத்து ஃபோகஸ். பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

பூவுக்குக் கிட்டப் போய் எடுத்தாலே மேக்ரோவா?

கிட்டப் போனால் 'க்ளோஸ்-அப்'. மேக்ரோவுக்கு ஒரு கணக்கு உண்டு. பொருளின் அளவும், கேமராவின் சென்ஸாரில் விழும் அதன் பிம்பத்தின் அளவும் சமமாக இருந்தால் 1:1. ஃபுல் ஃபிரேம் சென்ஸார் 36 × 24 மி.மீ.; அதில் 36 மி.மீ. நீளப் பொருள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறைந்து நிற்கும். நம்மில் பலரிடம் இருக்கும், சென்ஸார் கொஞ்சம் சின்னதான ஏபிஎஸ்-சி கேமராவில் சுமார் 23 மி.மீ.

லென்ஸில் 'மேக்ரோ' என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து, லென்ஸால் எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு போய் ஒரு படம் எடுங்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் படத்தின் அகலத்துக்குள் 23 கோடுகள் தெரிந்தால் அசல் 1:1. கேமராவோடு வரும் 18–55 லென்ஸில் ஏழெட்டு சென்டிமீட்டர் தெரியும், அதாவது மூன்றில் ஒரு பங்குதான்.

நிக்கான்காரர்கள் மட்டும் இந்த லென்ஸ்களை 'மைக்ரோ' என்பார்கள். அவர்களுடைய முதல் மைக்ரோ-நிக்கோர் 1956-இல் வந்தபோது, நுணுக்கி எழுதிய ஜப்பானிய எழுத்துகளை மைக்ரோஃபிலிமில் பதிவதுதான் அதன் வேலை. பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒன்றுதான்.

என்னிடம் போன்தான் இருக்கிறது. ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. ஆனால் போன் விளம்பரத்தில் '2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா' என்று தனியாக ஒன்றைப் போட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். கேமரா எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வைத்தது அது. அல்ட்ரா-வைட் கேமராவிலேயே ஆட்டோஃபோகஸ் இருந்து, சில சென்டிமீட்டர் வரை கிட்டப் போக முடிகிற போன்கள் நன்றாகவே எடுக்கின்றன. அது இல்லாவிட்டால் போனில் மாட்டும் க்ளிப் லென்ஸ். அதுவும் இல்லாவிட்டால் நகைப் பட்டறையில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸை மெயின் கேமராவின் முன்னால் பிடியுங்கள். பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவே இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். படத்தின் ஓரங்கள் கலங்கும், நடுப்பகுதி ஆச்சரியப்படும்படி வரும்.

போனில் உண்மையான தொல்லை அதன் நிழல்தான். இரண்டு சென்டிமீட்டர் கிட்டப் போனால் போனே வெளிச்சத்தை மறைத்துவிடும். சூரியன் பக்கவாட்டில் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நிழல் பகுதிக்கும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பும்.

கேமரா இருக்கிறது, மேக்ரோ லென்ஸ் வாங்கப் பணம் இல்லை. என்ன வழி?

மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

முதலாவது எக்ஸ்டென்ஷன் ட்யூப். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய். உள்ளே கண்ணாடியே கிடையாது. குழாயின் நீளத்தை லென்ஸின் ஃபோகல் நீளத்தால் (லென்ஸில் மி.மீ. என்று எழுதியிருக்கும் எண்) வகுத்தால் கூடுதலாக எவ்வளவு பெரிதாகும் என்று வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 50 மி.மீ. குழாய் போட்டால் 1:1. அதே குழாயை 200 மி.மீ. லென்ஸில் போட்டால் கால் பங்குதான் கூடும். வாங்கும்போது மின்தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத மலிவுக் குழாயைப் போட்டால் இன்றைய லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்ற முடியாது.

இரண்டாவது, லென்ஸின் முன்னால் மாட்டும் க்ளோஸ்-அப் லென்ஸ். ரேனாக்ஸ் டிசிஆர்-250 இதில் பெயர் பெற்றது, பவர் +8. மூக்குக்கண்ணாடிக் கணக்கேதான்: 1000-ஐ 8-ஆல் வகுத்தால் 125 மி.மீ. பூச்சியிலிருந்து அவ்வளவு தூரத்தில் நிற்கலாம். 200 மி.மீ. லென்ஸில் மாட்டினால் 200-ஐ 125-ஆல் வகுத்து 1.6 மடங்கு. வீட்டில் ஏற்கெனவே ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மாட்டுவதும் கழற்றுவதும் ஒரு நொடி வேலை.

மூன்றாவது ரிவர்ஸ் ரிங். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி, முன்பக்கத்தைக் கேமராவில் மாட்டுவது. சில நூறு ரூபாய்தான். 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறக்குறைய 1:1 வந்துவிடும், 18–55 லென்ஸை 18 மி.மீ.-இல் வைத்துத் திருப்பினால் மூன்று மடங்குக்கும் மேல் போகும். தரம் பிரமாதம். ஆனால் லென்ஸின் பின்பக்கம் திறந்த வாயோடு வெளியே இருக்கும். மாமரத்தடியில் ஒரு நாள் அந்த வாய்க்குள் எறும்பு ஒன்று நுழைந்துவிட்டது. லென்ஸைத் தட்டித் தட்டி அதை வெளியே வரவழைக்க அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் அதன் உறவினர்கள் என் கணுக்காலைக் கவனித்துக்கொண்டார்கள்.

சரி, மேக்ரோ லென்ஸ் வாங்குவதென்றே முடிவு. 60 மி.மீ.-ஆ, 100-ஆ?

பூச்சி எடுக்க 90 அல்லது 100 மி.மீ. 1:1-இல் 60 மி.மீ. லென்ஸுக்கு முன்னால் நாலைந்து விரல்கடை இடம்தான் மிஞ்சும். பூச்சி பறந்துவிடும், பறக்காவிட்டாலும் உங்கள் நிழல் அதன்மேல் விழும். 100-இல்கூட ஒரு சாண் இருக்காது, ஆனால் சமாளிக்கலாம். பூ, நாணயம், நகை மட்டும் என்றால் 60 போதும். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஒழுங்கான மேக்ரோ லென்ஸ்கள் எல்லாமே கூர்மையானவை. பழைய மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் கிடைத்தாலும் யோசிக்காமல் வாங்கலாம்.

பூச்சியின் தலை தெளிவாக இருக்கிறது, உடம்பு கலங்கிவிடுகிறது. என் கேமராவில் கோளாறா?

கோளாறு இல்லை. மேக்ரோவின் இயல்பே அதுதான். 1:1-இல், ஏபிஎஸ்-சி கேமராவில் அபெர்ச்சரை எஃப் 8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் மில்லிமீட்டரில் முக்கால் பங்குகூட இல்லை. எஃப் 11 வைத்தால் ஒரு மில்லிமீட்டரை நெருங்கும். ஒரு ஈயின் முகத்தைப் பிடித்தால் தோள் போய்விடும்.

உடனே துளையை இன்னும் சுருக்கி எஃப் 32 வைத்துவிடலாம் என்று தோன்றும். வைத்துப் பாருங்கள், படம் முழுக்க எண்ணெய் தடவிய மாதிரி மங்கும். சின்னத் துளை வழியாக ஒளி போகும்போது விலகிப் பரவுவதால் வருவது அது. அதோடு 1:1-இல் கேமரா எஃப் 11 என்று காட்டினாலும் நடைமுறையில் அது எஃப் 22 போலத்தான் வேலை செய்யும். நான் எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவில்தான் நிற்பேன்.

கோணத்தை மாற்றுவது இன்னும் சுலபமான தீர்வு. பட்டாம்பூச்சி இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தால், சென்ஸாரும் இறக்கையும் இரண்டு சுவர்கள் போல ஒன்றுக்கொன்று நேராக இருக்கும்படி பக்கவாட்டில் போங்கள். மெல்லிய அந்த ஆழத்துக்குள் முழு இறக்கையும் அடங்கிவிடும். முகத்துக்கு நேராகப் போனால் கண்ணை மட்டும் பிடியுங்கள். கண் தெளிவாக இருந்தால் மற்றது கலங்கினாலும் பார்ப்பவர் மன்னிப்பார். கண் கலங்கினால் படத்தை அழித்துவிடுங்கள்.

ஃபோகஸ் செய்யும்போது கேமரா முன்னும் பின்னும் அலைகிறதே?

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸில் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அந்த அளவில் வளையத்தை நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னால் சாய்த்து, கண் பளிச்சென்று தெரியும் கணத்தில் அழுத்துங்கள். ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சைப் பிடிப்போமே, அதே மாதிரி. பத்துப் படத்தில் ஒன்று தேறும். இதில் வெகுநாள் ஊறியவர்களுக்கும் அந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

இன்னொரு வித்தை, இதைக் கண்டுபிடித்த பிறகுதான் என் படங்கள் ஒழுங்காக வரத் தொடங்கின. இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பூச்சி இருக்கும் காம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். லென்ஸின் மூக்கை அதே இடது கையின் மணிக்கட்டின் மேல் வையுங்கள். இப்போது செடி ஆடினால் லென்ஸும் சேர்ந்து ஆடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் மாறாது. விரலை இம்மியளவு முன்னும் பின்னும் அசைத்தே ஃபோகஸ் பிடிக்கலாம். ட்ரைபாடை நான் வெளியே கொண்டுபோவதை நிறுத்தி வருடக்கணக்காகிறது.

ஃப்ளாஷ் போட்டால் படம் செயற்கையாக இருக்குமாமே?

வெறும் ஃப்ளாஷ் போட்டால் இருக்கும். மினுமினுக்கும் வண்டின் முதுகு ஒரு குவிந்த கண்ணாடி. எதிரே இருப்பது அப்படியே அதில் தெரியும். சின்ன ஃப்ளாஷைக் காட்டினால் முதுகில் சுட்டெரிக்கும் ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் கறுப்பு. அதே ஃப்ளாஷுக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளைத் திரை இருந்தால் முதுகில் மேகமூட்டமான வானம் தெரியும், அதன் அசல் நிறமும் வெளியே வரும். ஐந்து மில்லிமீட்டர் பூச்சிக்குப் பத்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு சாண் அகலத் திரை என்பது, நமக்கு வானம் மாதிரிதான்.

ஆகவே கையில் இருக்கும் பணத்தை இந்தத் திரையில் போடுங்கள் என்பேன். அதற்கும் பணமே வேண்டாம். மிக்ஸி, டிவி பெட்டிக்குள் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாள் இருக்கிறதல்லவா, அதை இரண்டாக மடித்து, சாப்பாட்டுப் பொட்டல அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையைக் கூரை போல வளைத்து, ஃப்ளாஷிலிருந்து லென்ஸின் மூக்கு வரை வந்து பூச்சியின் தலைக்கு மேல் கவிகிற மாதிரி கட்டிவிடுங்கள். ரப்பர் பேண்டு போதும். நான் இதுவரை பதினான்கு செய்து பன்னிரண்டை எறிந்திருக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருப்பது நன்றாக வேலை செய்கிறது, காரணம் தெரியவில்லை.

அமைப்பு: கேமராவும் ஃப்ளாஷும் இரண்டும் மேனுவல். ஷட்டர் 1/160 அல்லது 1/200, எஃப் 8 முதல் 11, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் சக்தி பதினாறில் ஒரு பங்கு. சக்தியைக் குறைக்கக் குறைக்க ஃப்ளாஷ் எரியும் நேரமும் சுருங்கும். ஷட்டர் வேகத்தைவிடப் பல மடங்கு குறுகிய மின்னல் அது. கை நடுக்கத்தையும் காற்றையும் உறைய வைப்பது அந்த மின்னல்தான், ஷட்டர் அல்ல.

பின்னணி நள்ளிரவு போலக் கறுப்பாகிறது என்று அடுத்த புகார் வரும். ஃப்ளாஷ் வெளிச்சம் தூரம் போகப் போகச் சட்டென்று செத்துவிடுவதால் அப்படி. பூச்சிக்குப் பின்னால் ஒரு பச்சை இலை இருக்கும்படி கோணம் பாருங்கள், அல்லது ஒரு பூவரச இலையைப் பறித்து இரண்டங்குலம் பின்னால் செருகுங்கள். தீர்ந்தது.

எந்த மாதம், எந்த நேரம்?

விடிந்து முதல் ஒரு மணி நேரம். காற்று இருக்காது, பூச்சிகளுக்கு உடம்பு சூடேறியிருக்காது, பனியும் இருக்கும். மார்கழி, தை மாதங்களில் தும்பியின் இறக்கையில் பனித்துளி கோத்திருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கோலம் போடுகிறவர்களோடு எழுந்திருக்க வேண்டும். ஆடி மாதம் எனக்கு விடுமுறை. அம்மியே பறக்கும் காற்றில் எறும்பை எங்கே பிடிப்பது? அப்படியும் எடுத்தே தீர வேண்டுமென்றால் தொட்டியில் ஒரு குச்சியை நட்டு, செடியின் காம்பைத் துணி க்ளிப்பால் அதோடு பிடித்துவிடுங்கள்.

மழைக்குப் பிறகு வெளியே போகிறவர்களுக்குப் பரிசு தம்பலப்பூச்சி. சிவப்பு வெல்வெட்டில் செய்த பொத்தான் மாதிரி ஈரமண்ணில் ஊரும். சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது இதுதான். பூச்சி என்கிறோமே தவிர எட்டுக் கால், சிலந்தியின் சொந்தக்காரன்.

வீட்டில் என்ன இருக்கப் போகிறது? காட்டுக்குப் போக வேண்டாமா?

காட்டை விடுங்கள். ரிசர்வ் காட்டுக்கும் சரணாலயத்துக்கும் வனத்துறை அனுமதி வேண்டும், அங்கே படுத்துப் புரண்டு எடுக்கவும் விடமாட்டார்கள். முதல் வருடத்துக்கு நாலு தொட்டியும் ஒரு வேலியும் ஏராளம்.

சாலையோரம் வெட்டுக்காயப் பூண்டு பூத்திருக்கும். அடிபட்டால் இலையைக் கசக்கிப் பிழிவோமே, அதே செடி. நடுவில் மஞ்சள் பொட்டு, ஓரத்தில் ஐந்தாறு வெள்ளை இதழ். 1:1-இல் பாருங்கள். அந்த மஞ்சள் பொட்டு ஒரு பூவே இல்லை. பல சின்னச் சின்னப் பூக்களின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து முனை கொண்ட வாய், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சூலகத் தண்டு. வெள்ளை இதழ் என்று நாம் சொல்வதும் தனித்தனிப் பூதான், நுனியில் மூன்று பல் வெட்டியிருக்கும். இதை மட்டும் ஒரு வாரம் எடுங்கள். ஓடாது, பறக்காது, கடிக்காது.

எருக்கஞ்செடியில் மஞ்சள் அசுவினியும், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட வெந்தய வரியன் புழுவும் இருக்கும். சுவரில் குதிக்கும் சிலந்தி எப்படியும் உண்டு. எட்டுக் கண்ணில் முன்னாலுள்ள இரண்டு பெரியவை காரின் ஹெட்லைட் போல இருக்கும்; நீங்கள் நகர்ந்தால் அதுவும் திரும்பி உங்களைப் பார்க்கும். கேமராவை நேருக்கு நேர் பார்க்கும் பூச்சி வேறு கிடைக்காது. ஓரிரு தடவை என் லென்ஸ் மேலேயே குதித்திருக்கிறது.

மாமரம் இருந்தால் இன்னும் யோகம். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பை முசுறு, முசுடு என்று ஊருக்கு ஓர் பெயரில் சொல்வோம். அதன் நடுவே அதே நிறம், அதே இடுப்பு, அதே நடையோடு ஒரு சிலந்தி திரியும். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும். காலை எண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடும். சந்தேகமிருந்தால் இலையை லேசாகத் தட்டுங்கள். நூலில் தொங்கினால் எறும்பு அல்ல.

மொட்டை மாடியில் குப்புறக் கிடந்தால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்?

எதிர்வீட்டு அக்கா முதல் மாதம் "தம்பி, மோதிரம் ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் கேமராவைக் கையில் கொடுத்து, அவர் வீட்டுச் செம்பருத்தியில் இருந்த மாவுப்பூச்சியைப் பெரிதாக்கிக் காட்டினேன். "ஐயையே, இதையா நான் தினம் கையால தேய்ச்சு விடறேன்" என்று கையை உதறினார். மறுநாளிலிருந்து கேள்வி கேட்பதில்லை.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்கிறார்களே, அது அவசியமா?

முதல் ஆறு மாதம் வேண்டாம். ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள பகுதியை மட்டும் சேர்த்து ஒரே படமாக்குவது அது. ஹெலிகான், ஜெரீன் என்ற மென்பொருள்களுக்குக் காசு கொடுக்க வேண்டும், பிகோலே இலவசம். பழக, ட்யூப்லைட்டுக்கு அடியில் செத்துக் கிடக்கும் ஈசலோ வண்டோ போதும். உயிருள்ளதில் கையாலேயே நாலைந்து படம் எடுத்துச் சேர்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஆடாமல் இருக்குமாமே?

இருக்கும். செய்யாதீர்கள். அப்படி எடுத்த படத்தில் கால்களின் மடிப்பே காட்டிக்கொடுத்துவிடும். பசையால் ஒட்டுவது, காலில் நூல் கட்டுவது எல்லாம் அதே கணக்கு. விடியற்காலையில் எழுந்தால் ஃபிரிட்ஜ் செய்கிற வேலையைப் பனியே செய்து வைத்திருக்கும்.

என்ன பூச்சி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடமும் தேதியும் சேர்த்து ஏற்றுங்கள். விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். முகத்தை மட்டும் எடுத்தால் அவர்களாலும் முடியாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என அழகில்லாத படங்கள் இரண்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸைப் பாதுகாப்பது?

கடலோர ஊர்க்காரர்கள் கவனிக்க: ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் பையில் போட்டு பீரோவில் வைத்து நான் ஒரு லென்ஸை அப்படி இழந்தேன். கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தது. சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் கோட்டிங்கையும் சேர்த்துத் துடைத்துத் தந்தார்கள். காற்றுப் புகாத அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஜெல்லைச் சில மாதத்துக்கு ஒருமுறை சூடேற்றி உலர்த்த வேண்டும். அரிசியையே போட்டு வைப்பவர்கள் உண்டு. மாவுத்தூசி வரும், வேண்டாம்.

பட்டாம்பூச்சி முட்டை வைத்தால் கறிவேப்பிலைச் செடி மொட்டையாகிவிடுமே?

ஆகும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வருவது கறுப்பு இறக்கைப் பட்டாம்பூச்சியின் புழு. சின்னதில் பறவை எச்சம் போலவே இருக்கும், பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் இலைப்பச்சை. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு ஒன்று ஈரமாக வெளியே வரும், கூடவே ஒரு நாற்றம். இரண்டு மூன்று நொடியில் உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் இதை ஒருமுறைதான் படம் எடுத்திருக்கிறேன். அதுவும் தொட்டது நானல்ல, ஓர் எறும்பு. கூட்டுப்புழுவாகித் தொங்கிய பிறகு பத்துப் பதினைந்து நாளில் விடியற்காலை ஒன்றில் வெளியே வரும். முந்தின நாள் கூட்டின் தோல் வழியே இறக்கையின் நிறம் தெரியும், அன்று அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது கறிவேப்பிலைத் தொட்டி இரண்டு. வாசல் பக்கம் இருப்பது சாம்பாருக்கு. மாடியில் இருப்பது புழுவுக்கு. வாசல் செடியில் புழுவைப் பார்த்தால் அம்மா அதை ஓர் இலையோடு கிள்ளி, மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்.